‘பிள்ளை பெத்த உடம்பு அப்பிடித்தான்’ என்று பொறுத்திருக்கலாமா?

“நாரி நோகுது” என்று ஒரு தாய் சொன்னால் எங்கள் ஊர்களில் அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான். “பிள்ளை பெத்த உடம்பு, அப்பிடித்தான் இருக்கும்.” அம்மாவும் இதைத்தான் சொல்லுவா, மாமியும் இதைத்தான் சொல்லுவா. அவர்களுக்கு அவர்களுடைய தாய்மாரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் காய்ந்தால் விடியுமுன் வைத்தியசாலை வாசலில் நிற்கும் தாய், தன் நாரி நோவுக்கு எண்ணெயைத் தடவிக்கொண்டு ஆறு மாதம், ஆறு வருடம் என்று நாளைக் கடத்திவிடுகிறாள்.

இம்மாத நலப் பக்கத்தில், தாய்மையோடு வரும் உடல் நோவுகளையும், பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவம் அவற்றுக்கு எவ்வாறு உதவுகிறது என்பதையும் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரசவத்தின் பின் சில வாரங்கள் உடம்பு அலுப்பதும் நோவதும் இயல்பு. ஆனால் மாதக்கணக்காக மாறாத நோவையும், இருமினால் சலம் கசிவதையும் ஆயுள் முழுவதும் சுமக்கவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பல வருடங்கள் பிந்தித் தொடங்கினாலும் அதில் பலன் உண்டு.

உடம்பில் நடப்பது என்ன?

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் நிறை பத்துக் கிலோ அளவில் அல்லது அதற்கும் மேலாகக் கூடுகிறது. இந்தப் பாரம் உடம்பின் முன்பக்கத்தில் ஏறுவதால் நாரி முன்னோக்கி வளைகிறது. அதே நேரத்தில் சுரக்கும் ஓமோன்கள், பிள்ளை வெளிவர வசதியாக, இடுப்பு எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இடுப்பின் அடியில், ஒரு தொட்டில் போல இருந்து சலப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகள் இழுபட்டுத் தளர்கின்றன.

பிள்ளை பிறந்ததும் இவை எல்லாம் அன்றைக்கே பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. கருப்பை சுருங்குவதற்கே ஏறக்குறைய ஆறு வாரங்கள் செல்லும். தசைகளுக்கு அதைவிடக் கூடிய காலம் வேண்டும். ஆனால் தாய்க்கு வேலை தொடங்குவதோ முதல் நாளே. ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்கு மேல் குனிந்திருந்து பால் கொடுப்பதும், பிள்ளையைத் தூக்குவதும், துணி அலம்புவதும், தண்ணீர் அள்ளுவதும் அந்தத் தளர்ந்த உடம்போடுதான்.

எங்கள் பழைய வழக்கத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வேது வைத்துக் குளிக்கவார்த்து, பத்தியக் கறி கொடுத்து, 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பாரவேலை செய்யவிடமாட்டார்கள். அந்த ஓய்வு நல்லது. ஆனால் ஓய்வு என்பது அசையாமல் படுத்திருப்பதாகிவிடக் கூடாது. எழும்பி மெல்ல நடக்காமல் படுக்கையிலேயே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடும். வயிற்றை மிக இறுக்கிக் கட்டுவதும் நல்லதல்ல. அந்த அழுத்தம் தளர்ந்திருக்கும் அடித் தசைகளின்மேல்தான் இறங்குகிறது. ஆறுதலுக்காக மென்மையாகக் கட்டலாம். தசையைப் பலப்படுத்துவது கட்டுத் துணியால் ஆகாது, பயிற்சியால்தான் ஆகும்.

நாரி நோ

“சிசேரியனுக்கு முதுகிலே போட்ட ஊசியாலைதான் எனக்கு இந்த நோ” என்று நம்பும் தாய்மார் பலர். ஊசி குத்திய இடம் சில நாட்கள் நோவது உண்மை. ஆனால் மாதக்கணக்காக, வருடக்கணக்காக நிற்கும் நாரி நோவுக்கு அந்த ஊசி காரணமல்ல என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. முதுகில் ஊசி போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் நாரி நோ இருக்கிறது. காரணம் தளர்ந்த தசைகளும், நாம் இருக்கிற, குனிகிற, தூக்குகிற விதமுமே. இது நல்ல செய்தி. போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் குனிகிற விதத்தை இன்றைக்கே மாற்றலாம்.

பால் கொடுக்கும்போது முதுகைச் சுவரிலோ கதிரையிலோ சாய்த்து இருங்கள். மடியில் ஒரு தலையணையை அல்லது மடித்த போர்வையை வைத்துப் பிள்ளையை அதன்மேல் கிடத்துங்கள். பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், நீங்கள் பிள்ளையிடம் குனியக்கூடாது. கழுத்து, தோள் நோவுகளும் இதனால் குறையும்.

பாயிலிருந்து எழும்பும்போது மல்லாந்தபடியே நிமிர வேண்டாம். முழங்காலை மடித்து, உடம்பு முழுவதையும் ஒருங்கே பக்கவாட்டில் திருப்பி, கையை ஊன்றி எழும்புங்கள். கீழே இருக்கும் எதையும் தூக்கும்போது முழங்காலை மடித்து, பொருளை உடம்போடு அணைத்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். கிணற்றில் அள்ளும்போது ஒரு காலை முன்வைத்து நின்று, வாளியை அரைவாசிக்கு நிரப்புங்கள். இரண்டு தடவை கூட அள்ளவேண்டி வரும். ஆனாலும் நாரி தப்பும். வாளியோடு இடுப்பை முறுக்கித் திரும்பாமல், பாதங்களை எடுத்துவைத்து முழுதாகத் திரும்புங்கள். விளக்குமாற்றுக்கு ஒரு நீளத் தடியைக் கட்டிக்கொண்டால் முற்றம் கூட்ட நாரியை வளைக்கத் தேவையில்லை. பிள்ளையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைக்காமல் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு பயிற்சியும் உண்டு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை நிலத்தில் ஊன்றுங்கள். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, நாரியால் பாயை அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். பத்துத் தடவை செய்யலாம். நோ கூடினால் நிறுத்திவிடுங்கள்.

வயிற்றுத் தசை விலகலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இதேபோலப் படுத்துத் தலையையும் தோளையும் சற்று உயர்த்துங்கள். தொப்புளின் மேலும் கீழும் விரல்களை வைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்து எட்டு வாரங்களின் பின்னும் இரண்டு விரல்களுக்கு மேல் இடைவெளி தெரிந்தால், அல்லது நடுவில் ஒரு மேடு தள்ளிக்கொண்டு வந்தால், இயன்மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அதுவரை வயிறு குறையவேண்டும் என்று படுத்து எழும்பும் கடும் பயிற்சிகளைச் செய்யவேண்டாம்.

கை மணிக்கட்டு நோ

பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஒரு சுள்ளென்ற நோ. போத்தல் மூடியைத் திறக்க முடியாது, துணி பிழிய முடியாது, பிள்ளையைத் தூக்கினால் உயிர் போகிறது. சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கு இது அடிக்கடி வரும். 1895ஆம் ஆண்டு இதனை விபரித்த சுவிஸ் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் டி குவெர்வேன் என்பவரின் பெயராலேயே இந்த நோயை வைத்தியர்கள் அழைக்கிறார்கள். பெருவிரலை அகல விரித்துப் பிள்ளையின் கக்கத்துக்குள் கைகொடுத்து நாளுக்குப் பல தடவை தூக்குவதால், பெருவிரலை அசைக்கும் நாண்கள் உரசி வீங்குகின்றன.

இதற்கு முதல் மருந்து தூக்கும் முறையை மாற்றுவதுதான். ஒரு கையைப் பிள்ளையின் பிட்டத்தின் கீழும் மறு கையைத் தலைக்கும் தோளுக்கும் கீழும், உள்ளங்கை மேலே பார்க்க, அள்ளுவது போலக் கொடுத்துத் தூக்குங்கள். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்கட்டும். இயன்மருத்துவர் பெருவிரலுக்கு ஓய்வு கொடுக்கும் பட்டியைப் போட்டுவிடுவார், பயிற்சியும் காட்டித்தருவார். மாறாவிட்டால் வைத்தியர் அந்த இடத்தில் ஊசி போடுவதும் உண்டு.

கர்ப்ப காலத்தில் இரவில் கைவிரல்கள் விறைப்பது வேறு காரணத்தால் வருவது. உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதே அதற்குக் காரணம். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியோடு நித்திரை கொண்டால் ஆறுதல் கிடைக்கும். பெரும்பாலும் பிரசவத்தின் பின் தானாக மாறிவிடும்.

வாய் திறந்து சொல்லாத நோய்

அடுத்ததைப் பற்றிக் கதைக்கவே எங்கள் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். தும்மினால், இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சலம் கசிகிறது. சிலருக்குக் காற்றையோ மலத்தையோ அடக்க முடிவதில்லை. சிலருக்குக் கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற ஒரு பாரம், மாலையானால் கூடுகிறது. கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகாமல் தவிர்ப்பார்கள். பஸ்ஸில் தூரப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தண்ணீரைக் குறைப்பதால் கசிவு நிற்காது. சலக்கடுப்பும் மலச்சிக்கலும்தான் வந்து சேரும்.

இது அடித் தசைகளின் பலவீனம். அந்தத் தசைகளுக்கான பயிற்சியை 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் எழுதி வெளிப்படுத்தினார். இன்று உலகெங்கும் இந்தக் கசிவுக்கு முதலில் கொடுக்கப்படும் சிகிச்சை அதுவே. செலவில்லை, கருவி தேவையில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

செய்யும் முறை இதுதான். படுத்தோ இருந்தோ, காற்றும் சலமும் வெளியேறாமல் அடக்குவது போல அடித் தசைகளைச் சுருக்கி உள்ளே மேலே இழுங்கள். மூன்று எண்ணும்வரை வைத்திருந்து, பின் முழுதாகத் தளர விடுங்கள். சில வாரங்களில் அதைப் பத்து எண்ணும்வரை கூட்டலாம். இப்படி எட்டுத் தொடக்கம் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதன் பின் பத்துத் தடவை விரைவாகச் சுருக்கி விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. பிட்டத்தையோ தொடையையோ இறுக்கக் கூடாது. சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகக் கூடாது. தும்மல் வரும்போதும் வாளியைத் தூக்குமுன்னும் ஒருமுறை சுருக்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒரு வாரத்தில் பலன் தெரியாது, மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டும். பல பெண்கள் பிழையான தசையைச் சுருக்குகிறார்கள். அதனால்தான் ஒருமுறையாவது இயன்மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்கவேண்டும் என்கிறோம். கருப்பை இறக்கம் ஆரம்ப நிலையில் இருந்தால் இந்தப் பயிற்சி அந்தப் பாரத்தைக் குறைக்கும். கூடுதலாக இறங்கியிருந்தால் தாங்குவதற்கு வளையம் வைப்பது, சத்திரசிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. மலச்சிக்கலையும், அடுப்புப் புகையால் வரும் தீராத இருமலையும் கவனிப்பதும் இந்தச் சிகிச்சையில் அடங்கும்.

ஆறாத உடம்போடு நடந்த தாய்மார்

1995இல் வலிகாமத்திலிருந்து கைக்குழந்தையோடு நடந்தவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். 2009இன் தொடக்க மாதங்களில் வன்னியில் பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேதும் இல்லை, பத்தியமும் இல்லை, 31 நாளும் இல்லை. தையல் ஆறுமுன் ஒரு கையில் பச்சைப் பிள்ளையும் மறு கையில் மூத்த பிள்ளையும், தலையில் ஒரு மூட்டையுமாக நடந்தார்கள். பின்னர் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். மீளக்குடியமர்ந்த பின் கணவர் இல்லாத வீடுகளில் கல் சுமந்தும் வயலில் குனிந்தும் குடும்பத்தைக் காத்தார்கள். அன்று பிறந்த பிள்ளைகள் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். தாய்மாரின் உடம்போ அன்று பட்ட பாட்டை இன்றும் சுமக்கிறது.

“இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன செய்யிறது?” என்று கேட்கவேண்டாம், சகோதரி. தசை எந்த வயதிலும் பயிற்சிக்குப் பலம் பெறும். நாற்பதிலும் ஐம்பதிலும் தொடங்கியவர்களுக்கும் கசிவு குறைகிறது, நாரி தாங்குகிறது.

போர்க் காயத்தோடு தாயாகியவர்களுக்கும் தாயாகப் போகிறவர்களுக்கும் சில விடயங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். செயற்கைக் கால் அணிந்தவர்களுக்குக் கர்ப்பத்தில் நிறை கூடுவதாலும் உடம்பு வீங்குவதாலும் காலின் கிண்ணம் இறுகும், தோல் உரசிப் புண்ணாகும். பிரசவத்தின் பின் அதே கிண்ணம் தொளதொளக்கும். இரண்டு நேரத்திலும் கால் செய்த நிலையத்துக்குப் போய் அளவைச் சரிசெய்விக்கலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 தொடக்கம் இந்தப் பணியைச் செய்துவருகிறது. கடைசி மாதங்களில் விழும் ஆபத்துக் கூடுவதால் கைத்தடியைப் பயன்படுத்தக் கூச்சப்படவேண்டாம். பிள்ளையைக் குளிக்கவார்ப்பதையும் உடை மாற்றுவதையும் இருந்தபடி செய்யுங்கள்.

உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் அதை முதல் நாளே இயன்மருத்துவருக்கும் வைத்தியருக்கும் சொல்லிவிடவேண்டும். உலோகம் உள்ள இடத்தில் சில மின் வெப்பச் சிகிச்சைகளைக் கொடுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கானும் அவர்களுக்கு ஆபத்தாகலாம். கர்ப்பமாக இருப்பதையும் அப்படியே சொல்லவேண்டும்.

சிசேரியன் செய்தவர்களுக்கு

முதல் நாட்களில் இருமும்போதும் எழும்பும்போதும் ஒரு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடியுங்கள். படுக்கையில் இருக்கும்போதே பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். தாதி சொன்னவுடன் எழும்பி நடவுங்கள். முதல் ஆறு வாரங்கள் உங்கள் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்கவேண்டாம். தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் வீட்டில் மற்றவர்களின் வேலை.

எங்கே போவது, என்ன செய்வார்கள்?

போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ வைத்தியரிடம் சொன்னால் துண்டு எழுதி அனுப்புவார். பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வீடு தேடி வரும் குடும்பநல மாதுவிடமும் கேட்கலாம். 35 வயதைக் கடந்தவர்கள் ‘வெல் வுமன்’ கிளினிக்குக்குப் போகும்போது கசிவையும் இறக்கத்தையும் சொல்லலாம்.

இயன்மருத்துவர் முதலில் உங்களிடம் கதை கேட்பார். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் கூடுகிறது, எத்தனை பிள்ளை, எப்படிப் பிறந்தது என்று விசாரிப்பார். பிறகு நிற்கும் விதத்தையும் குனியும் விதத்தையும் பார்த்து உங்களுக்கான பயிற்சியைக் கொடுப்பார். உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பரிசோதனையும் செய்யமுடியாது. பெண் ஒருவர் பார்க்கவேண்டும் என்று கேட்பதும், அம்மாவையோ அக்காவையோ கூட வைத்திருப்பதும் உங்கள் உரிமை. மாதம் ஒருமுறை போக பஸ் காசு பெரும்பாடு என்பவர்கள் அதையும் சொல்லுங்கள். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை ஒரு தடவையிலேயே கூடுதலாகக் காட்டித்தருவார்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பிரசவத்தின் பின் பின்வருவன தோன்றினால் எண்ணெயும் பயிற்சியும் வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நோவது. நெஞ்சு நோ அல்லது மூச்சு முட்டுவது. கடும் இரத்தப்போக்கு. காய்ச்சல், காயத்தில் சீழ், மார்பு சிவந்து கொதிப்பது. கடும் தலையிடியும் கண் மங்கலும். சலம் போகமுடியாமல் நிற்பது. கால்கள் பலம் இழந்து, தொடை நடுவில் உணர்வு இல்லாமல், சலமும் மலமும் தெரியாமல் போவது.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். மூன்று மாதம் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும், பாயில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுப்பதும், அவள் பயிற்சி செய்யும் கால்மணி நேரம் பிள்ளையை ஏணையில் ஆட்டுவதும் அவளுக்கு மருந்துக்குச் சமம். மாமிமாரே, உங்களுக்கு யாரும் செய்துதராததை மருமகளுக்குச் செய்துகொடுங்கள். உங்களுக்கும் அதே நோ இருந்தால் அவளோடு சேர்ந்து நீங்களும் கிளினிக்குக்குப் போங்கள்.

சகோதரிகளே, அடுத்த தடவை பிள்ளைக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போவீர்கள். பிள்ளையின் நிறையை நிறுத்து, கொப்பியில் பதிந்து முடிந்ததும் எழும்பி வந்துவிடாதீர்கள். “மிஸ், எனக்கும் ஒரு கரைச்சல் இருக்கு” என்று தொடங்குங்கள். கேட்பது அவர்களுடைய கடமை. சொல்லவேண்டியதோ நீங்கள்தான்.